சாக விடாத பெருமை

பதினான்கு வயதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது: ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் போர்க்களத்தில் பாதி உயிர் போகும்படி அடிபட வேண்டும், மீதிப் பாதியை ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்து, ஒரு கையில் பீரங்கியும் மறு கையில் எதையும் நசுக்கும் முட்டியும் மாட்டி, இன்னும் ஓர் ஆயிரம் வருஷம் சண்டைக்கு அனுப்ப வேண்டும். இதைவிடப் பெரிய பேறு உலகத்தில் உண்டென்று எனக்குத் தோன்றியதே இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும் தொண்ணூறுகளின் குளிர்காலங்களில், குட்டிப் பொம்மைப் படைகளை மேஜையில் மோதவிடும் வார்ஹாமர் 40,000 விளையாடி வளர்ந்த எவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். வெட்கப்பட்டு மழுப்பினால், மேஜை இழுப்பறையைத் திறந்து பாருங்கள், சாயம் காய்ந்த தூரிகை ஒன்றும் இஞ்ச் டேப் ஒன்றும் நிச்சயம் கிடக்கும்.

அந்தப் பெட்டிக்கு ட்ரெட்நாட் என்று பெயர். கதைப்படி 41ஆம் ஆயிரமாண்டு. ஸ்பேஸ் மரீன் என்னும் ராட்சத வீரன் ஒருவன் இனிப் பிழைக்கமாட்டான் என்ற நிலையில் விழுகிறான். சாதாரண ஆள் என்றால் கதை அதோடு முடிந்தது. பேர்பெற்ற வீரன் என்றால் மிச்ச உடம்பைச் சவப்பெட்டி போன்ற ஒன்றில் கிடத்தி, நரம்புகளை இயந்திரத்தோடு இணைத்துவிடுவார்கள். அவன் நினைத்தால் இரும்புக் கால் எடுத்துவைக்கும். சண்டை ஓய்ந்ததும் தூங்கவைப்பார்கள், அடுத்த சண்டைக்கு எழுப்புவார்கள். நம் பழைய ஆட்கள் போரில் விழுந்தவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, கள்ளும் படைத்து, போதும் ஐயா என்று விட்டுவிட்டார்கள். இந்த விளையாட்டை உருவாக்கிய நாட்டிங்ஹாம்காரர்களோ கல்லுக்குள்ளேயே ஆளை வைத்து, கல்லுக்குக் காலும் பூட்டி, மறுநாளே வேலைக்கு வரச்சொன்னார்கள்.

அப்பா மருத்துவர். பத்திரிகையில் வந்த ட்ரெட்நாட் படம் ஒன்றைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஐசியூ பேஷண்டை டிஸ்சார்ஜ் பண்ணாம, வென்டிலேட்டர்ல துப்பாக்கியைக் கட்டி அனுப்பிட்டான்டா" என்றார். இந்தத் தலைமுறைக்கு வீரம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அன்று நான் முடிவுகட்டினேன்.

1993இல் வந்த இரண்டாம் பதிப்புப் பெட்டியில் இருபது ஸ்பேஸ் மரீன்கள், எதிரிகளாக இருபது ஆர்க்குகள், நாற்பது குட்டிக் கிரெட்சின்கள், அவற்றோடு ஆர்க் ட்ரெட்நாட் ஒன்றும் இருந்தது. அது மட்டும் அட்டை. வெட்டி மடித்து நிறுத்த வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிரி சுடாமலேயே சாய்ந்துவிடும். உலோக ட்ரெட்நாட்டைத் தனியாகக் காசு சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. என்ன கனம்! சூப்பர் குளூ என் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டியதே தவிர அதன் கையைத் தோளோடு ஒட்டியதில்லை. பிறகு விஷயம் தெரிந்த பெரிய பையன் ஒருவன், தோளில் சின்னதாகத் துளைபோட்டு ஜெம் கிளிப் கம்பியைச் செருகும் வித்தையைச் சொல்லித்தந்தான். எலும்பு முறிவுக்கு அப்பா செய்வதாகச் சொன்னதும் ஏறக்குறைய அதுதான் என்றாலும், அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்றைக்குப் பிளாஸ்டிக் துண்டுகள் மயிரிழை பிசகாமல் பொருந்துகின்றன. 2019இல் வந்த கான்ட்ராஸ்ட் சாயத்தை ஒரு பூச்சு பூசினால் நிழலும் ஒளியும் தாமாகவே விழுந்துவிடுகின்றன; நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்தது எதற்கென்றே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியாது. விதிகளும் அப்படித்தான் வழவழத்துவிட்டன. 1998இல் வந்த மூன்றாம் பதிப்பு தொடங்கி ட்ரெட்நாட்டின் முன்பக்கக் கவசத்துக்கு 12, முதுகுக்கு 10. ஆகவே எப்படியாவது பின்னால் போய்ச் சேர வேண்டும், அதற்காக மேஜையைச் சுற்றி எத்தனை சூழ்ச்சி! குண்டு விழுந்த இடத்தில் வட்டமான பிளாஸ்டிக் தகட்டை வைத்து, ஒரு வீரனின் கால்விரல் அதற்குள் வருகிறதா இல்லையா என்று இரண்டு தலைகள் முட்டிக்கொள்ளும். நட்பு முறிந்து, டீ வந்ததும் ஒட்டிக்கொள்ளும். 2017இல் எட்டாம் பதிப்பு அந்தத் தகடுகளையும் ஒழித்தது, கவச எண்களையும் ஒழித்தது. இப்போது எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் ஒரே கணக்கு. ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. சீக்கிரம் வீட்டுக்குப் போய் என்ன செய்ய?

ஆனால் என்னைச் சிரிக்கவைப்பது விதிகள் அல்ல, அந்தப் பெட்டிக்குள் இருப்பவரின் உத்தியோக வரலாறுதான். 1987இல் ரிக் ப்ரீஸ்ட்லி எழுதிய முதல் புத்தகத்தில் ட்ரெட்நாட் என்பது பெரிய கவச வண்டி, உள்ளே ஓர் ஓட்டுநர், அவ்வளவே. சாகக் கிடக்க வேண்டும் என்ற தகுதியெல்லாம் அப்போது கேட்கப்படவில்லை. தொண்ணூறுகளில் அது ஆயுட்காலப் பதவி ஆனது, இறங்கும் வழி மூடப்பட்டது, பதிலுக்கு மரியாதையும் நீண்ட தூக்கமும் கிடைத்தன. 2017இல் வந்த ரெடெம்ப்டர் என்ற புது மாதிரி இன்னும் பெரியது, வேகமானது, ஆயுதம் ஏராளம். ஒரே குறை, அதன் உலை உள்ளே இருப்பவரைச் சீக்கிரமே எரித்துத் தீர்த்துவிடும். தீர்ந்தால் அடுத்த ஆளை வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த அலுவலகங்களும் இதே வரிசையில்தான் மாறின. கதை எழுதியவர்கள் எதிர்காலத்தைச் சொன்னார்கள் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பாவம், அவர்கள் பக்கத்து அறையைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

அன்றைக்கு எனக்குப் பிடித்தவர் ஸ்பேஸ் வுல்ஃப்ஸ் படையின் பியோர்ன். பத்தாயிரம் வருஷமாகப் பெட்டிக்குள் இருக்கிறார். தலைவன் லெமன் ரஸ்ஸை நேரில் அறிந்தவர் என்பதால், பெரிய ஆபத்து வந்தாலும் எழுப்புவார்கள், பழங்கதை கேட்கவும் எழுப்புவார்கள். இப்போது நடுராத்திரி சர்வர் விழுந்துவிட்டதென்று போன் அடிக்கும்போது, கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டியபடி, பியோர்னுக்கு எழும் முதல் எண்ணம் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. இந்த விஷயத்தில் கெட்டவர்கள் நேர்மையானவர்கள்: கேயாஸ் தரப்பில் இது பரிசல்ல, தண்டனை, உள்ளே இருப்பவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும், பழைய விதிகளில் பகடை தவறி விழுந்தால் சொந்த ஆட்களையே சுடுவான். ஆர்க்குகளிடமோ சின்னக் கிரெட்சின்கள் தாங்களே முண்டியடித்துப் பெட்டிக்குள் ஏறிக்கொள்கின்றன, ஒருநாளாவது பெரிய ஆளாக இருக்கலாமே என்று. அந்த வரிசையில் பதினான்கு வயதில் நானும் நின்றிருப்பேன்.

2020 மார்ச்சில், ஓய்வுபெற்ற மருத்துவர்கள் திரும்பி வரலாம் என்று பிரிட்டனில் அழைப்பு வந்தபோது, அப்பா சொல்லாமல் கொள்ளாமல் பழைய ஸ்டெதஸ்கோப்பைத் தேடி எடுத்துவிட்டார். "உங்களை எழுப்பற உரிமை எவனுக்கும் கிடையாது, சாப்பிட வாங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். ட்ரெட்நாட்டுகளுக்கு அம்மா மாதிரி ஒருத்தி இல்லாமல் போனதுதான் கதையின் பெரிய ஓட்டை.

வார்ஹாமரைத் தயாரிக்கும், பொம்மைக் கம்பெனி என்று அப்பா தள்ளிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1994இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 2024 டிசம்பரில் லண்டனின் முதல் 100 நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. என் கைச்செலவுக் காசை ட்ரெட்நாட்டில் போடாமல் பங்கில் போட்டிருக்கலாமே என்று இப்போது கணக்குப் பார்ப்பவர் அவர்தான்.

போன மாதம் அந்தப் பழைய உலோக மாதிரி ஒன்றை ஈபேயில் வாங்கினேன். யாரோ ஒரு பையன் பஜ்ஜிக்கு மாவு பூசியதுபோல் சாயம் அப்பியிருந்தான், கண்ணாடி ஜாடியில் போட்டு டெட்டாலை நிரப்பி ஊறவைத்தேன். சாயத்தை உரிக்க அன்றைக்கும் இன்றைக்கும் அதுதான் மருந்து. வீடெல்லாம் ஆஸ்பத்திரி நெடி. மேலே தூங்கிக்கொண்டிருந்த அப்பா மாடிப்படியில் வேகவேகமாக இறங்கி வந்து, "யாருக்குடா அடி?" என்றார். ஜாடியைக் காட்டினேன். கையொன்று கழன்று தனியே மிதந்துகொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தவர், ஜெம் கிளிப் இருக்கிறதா என்று கேட்டார்.