மார்கழி மாவின் பொங்காமை: ஒரு சமையலறை ஆய்வு

மார்கழி மாதத்தில் தமிழர் வீடுகளில் வெண்பொங்கல் பெருகுவது ஏன் என்ற கேள்விக்கு இதுவரை இரண்டு விடைகளே சொல்லப்பட்டு வருகின்றன. ஒன்று, பக்தி. மற்றொன்று, குளிருக்கு மிளகும் இஞ்சியும் உடம்புக்கு நல்லது என்பது. இரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மார்கழிக் காலையில் பொங்கல் வைக்கப்படுவதற்குக் காரணம், முந்தைய இரவு கரைத்து வைத்த இட்லி மாவு எழும்பவில்லை என்பதுதான். ரவை உப்புமாவுக்கும் சேமியாவுக்கும் அடைக்கும் இதே விளக்கம் பொருந்தும். பக்தி பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

ஆய்வுக் களம், கோயம்புத்தூரில் ஒரு வீட்டுச் சமையலறை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் என்பதால், அரைத்ததில் குறை என்று இங்கே யாரும் வாய் திறக்க முடியாது. பழி முழுவதும் பருவத்தின் மேல் விழும். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் வாழும் வீட்டில் ஓர் ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

குளிர்காலம் எந்த நாளில் தொடங்கியது என்பதை அறிய வானிலை அறிக்கை தேவையில்லை. குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் போதும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியும் எண்ணெய் வராமல், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பெண் ஸ்பூன் காம்பை உள்ளே விட்டுக் குடைந்துகொண்டே அம்மாவைக் கூப்பிடும் நாள் எதுவோ, அன்று இரவிலிருந்து மாவும் படுத்துவிடும். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரே அரசாங்கத்தின் இரண்டு துறைகள் ஒரே நாளில் விடுப்பு எடுப்பதைப் போன்றது.

முன்னாய்வுகளைப் பார்ப்போம். கே.டி. அச்சயா இந்திய உணவின் வரலாற்றை எழுதியவர். தொழிலால் எண்ணெய் வேதியியலாளர். இட்லியின் பழைய தடயங்களை அவர் கன்னடத்திலும் வடமொழியிலும் தேடி எடுத்தார். கி.பி. 920ஐ ஒட்டி எழுந்த வட்டாராதனையில் ‘இட்டலிகே’ வருகிறது. சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்தில், 12ஆம் நூற்றாண்டில், ‘இட்டரிகா’ வருகிறது. ஆனால் இவற்றில் உளுந்து மட்டுமே இருக்கிறது. அரிசி இல்லை, நெடுநேரம் புளிக்கவைப்பதும் இல்லை. புளிக்கவைக்கும் வழக்கம் இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பது அச்சயாவின் ஊகம். அறிஞர்கள் அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். இக்கட்டுரை மட்டும் அதை மனமார ஏற்கிறது. இந்தோனேசியா பூமத்திய ரேகையின் மேல் கிடக்கிறது. அங்கே பிறந்த ஒரு முறைக்கு மார்கழி என்று ஒன்று உண்டு என யார் சொல்லி அனுப்பியிருப்பார்கள்?

இதிலிருந்து ஒரு துணை முடிவும் கிடைக்கிறது. எழும்பாத மாவில் வார்த்த தட்டையான இட்லி தோல்வியல்ல. அதுவே மூலவடிவத்துக்கு நெருக்கமானது. இதை ஆய்வாளர் சாப்பாட்டு மேசையில் முன்வைத்தபோது பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் அமைதியாகக் கேட்டுவிட்டு, “12ஆம் நூற்றாண்டுல நம்மூர்ல மிளகாயே கிடையாதுப்பா, அது போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. சட்னியை இப்படித் தள்ளுங்க” என்றாள். மறுப்புரை ஏற்கப்பட்டது.

இனி இயங்குமுறை. மாவைப் பொங்க வைப்பது லியூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும். இவை பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடும் சேர்ந்தே வருகின்றன. மாவுச்சத்தின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அமிலம் புளிப்பு, வாயு எழுச்சி. அந்த வாயு ஓடிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. 30 டிகிரியில் எட்டுப் பத்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெப்பம் 10 டிகிரி இறங்கினால் நுண்ணுயிரின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. கோவையில் மார்கழி இரவு 20 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். ஆக, மாலை ஏழு மணிக்குக் கரைத்து வைத்த மாவு, நியாயப்படி மறுநாள் முற்பகல் பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் எழ வேண்டும்.

அது அப்படியே எழுகிறது என்பதுதான் வேதனை. பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போய், வெயில் சமையலறை மேடை வரைக்கும் ஏறிய பிறகு, பசித்த வாய் ஒன்றுகூட வீட்டில் இல்லாத நேரத்தில், மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு வழியும். மேடையில் வழிந்து, கேஸ் குழாயைச் சுற்றி, மிக்ஸியின் அடியில் போய்த் தேங்கும். இதை ‘பிற்பகல் வீரம்’ என்று இவ்வாய்வு பெயரிடுகிறது. மாவுக்கு மட்டும் உரிய குணமா என்பதை இப்போது விவாதிக்க வேண்டாம். ஆய்வாளரின் மைத்துனர் இதைப் படிக்கக்கூடும்.

இப்படிப் படுத்துவிட்ட மாவை எழுப்புவது எப்படி என்பதில் வீட்டுக்குள் பல பிரிவுகள் உள்ளன. உப்பைக் கரைக்கும்போதே போட வேண்டும் என்பவர்கள் முன்னுப்பினர். காலையில் வார்க்கும் முன்தான் போட வேண்டும் என்பவர்கள் பின்னுப்பினர். வடகலைக்கும் தென்கலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆய்வாளரின் தாயார் முன்னுப்பு, மனைவி பின்னுப்பு. ஒரு பருவம் முழுக்க இருவர் சொன்னபடியும் நடந்திருக்கிறது. அதாவது, ஒருவர் இரவில் போட்டதை அறியாமல் மற்றவர் காலையில் போட்டிருக்கிறார்.

கைவாதிகள் இன்னொரு கூட்டம். கரண்டியால் கலக்கினால் மாவு எழாது, கையால்தான் கரைக்க வேண்டும், அதிலும் சூட்டுடம்புக்காரர் கைதான் வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. பாக்டீரியா தானியத்திலேயே இருக்கிறதே என்று விளக்கப் போனால், “அப்ப நீங்களே கரைச்சு வைங்க” என்று பதில் வரும். விஞ்ஞானத்தில் இதுபோன்ற உறுதியான எதிர்வாதம் அபூர்வம். வெந்தயம் ஊறப்போடுவதில் மட்டும் எல்லாப் பிரிவுகளும் ஒத்துப்போகின்றன. எனவே அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை.

இடம் தேடுவோர் கதை தனி. அணைத்த அடுப்பின் பக்கத்தில், இன்வெர்ட்டரின் மேல், ஹாட் பாக்ஸுக்குள், அரிசி டிரம்முக்குள், வெந்நீர் ஊற்றிய குக்கருக்குள் என்று மாவுப் பாத்திரம் வீடெல்லாம் குடிபெயர்ந்து வரும். ஜனவரியில் இரவு வெப்பம் 7 டிகிரி வரை இறங்கும் டெல்லியில், தமிழ்க் குடும்பங்கள் அதை ரஜாய்க்குள் படுக்க வைக்கின்றன. கோவையில் அந்த அளவுக்குத் தேவையில்லை, துண்டு போதும். ஆனால் போன மார்கழியில் ஒருநாள் துண்டுக்குப் பதிலாக அப்பாவின் சாம்பல் நிற மஃப்ளர் பாத்திரத்தின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முன்பக்கம் முடிச்சும் போடப்பட்டிருந்தது. விடியற்காலை நடைக்குக் கிளம்பியவர் வீடு முழுக்கத் தேடிவிட்டுச் சமையலறைக்கு வந்தார். விளக்கைப் போட்டு, மாவைப் பார்த்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். “அதுக்கு இருக்கற மரியாதை” என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போனார். முடிச்சை அவிழ்க்கவில்லை என்பது கவனத்துக்குரியது. குடும்பத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அறிய இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மூடி திறக்கும் தருணம் காலை 5.30. கோயில் ஒலிபெருக்கி திருப்பாவையைத் தொடங்கியிருக்கும். பாத்திரத்தின் உள்சுவரில் நேற்றைய மட்டம் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும். மாவு அந்தக் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட ஏறியிருக்காது. மேலே மெல்லிய ஆடை, ஓரத்தில் மூன்று நாலு குமிழி. கரண்டியை விட்டுத் தூக்கினால் பஞ்சுபோல் பிய்ந்து வராமல் தார் போல் ஒழுகும். மோந்து பார்த்தால் பச்சை உளுந்து வாசம்.

“ஏனுங்க, மாவு அப்படியே இருக்குதுங்க.”

“உப்புப் போட்டியா கண்ணு?” இது உள்ளறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து.

பதில் இல்லை. அலமாரியில் பாசிப்பருப்பு டப்பா திறக்கும் ஓசை மட்டும் கேட்கும். பருப்பு வறுபடும் மணம் வந்துவிட்டால் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று பொருள். பொங்கலுக்குக் காத்திருத்தல் இல்லை. குக்கருக்கு மார்கழியும் சித்திரையும் ஒன்று. அரை மணி நேரத்தில் மிளகு, சீரகம், முந்திரி, நெய் எல்லாம் தாளித்து இறக்கியாகிவிடும். வாசலில் பூசணிப்பூ வைத்த கோலத்தையும் ஒலிபெருக்கியையும் பார்க்கும் எவரும் இந்த வீட்டை ஆசாரம் மிகுந்த வீடு என்றே நினைப்பார்கள். நினைக்கட்டும்.

இக்கோட்பாட்டுக்கு ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ள வேண்டும். மார்கழி 27ஆம் நாள், கூடாரவல்லி. அன்று வைக்கும் அக்காரவடிசல் ஆண்டாளுக்கு உரியது. மாவின் நிலையோடு அதற்குச் சம்பந்தமில்லை. பாலும் வெல்லமும் நெய்யும் அளவில்லாமல் போகும் ஒன்றை, தோற்றுப்போன மாவுக்கு மாற்றாக எந்தக் குடும்பத்தலைவியும் செய்யமாட்டாள். வாரநாள் காலை ஆறு மணிக்கு நிச்சயமாக மாட்டாள்.

ஓட்டல்களில் ஏன் மார்கழியிலும் மல்லிகைப்பூப் போல் இட்லி வருகிறது என்று கேட்கப்படலாம். அங்கே அடுப்பு நள்ளிரவு வரை எரிகிறது, அறையே வெதுவெதுப்பு. தெருமுனைக் கடையில் பாக்கெட்டில் விற்கும் மாவும் நன்றாகத்தான் எழுகிறது. அதை இவ்வாய்வில் சேர்க்காததற்குக் காரணம் முறையியல் சார்ந்தது: வாங்கி வந்த பாக்கெட் குப்பைக்கூடையின் அடியில், பழைய செய்தித்தாளுக்குக் கீழே கிடைத்தபோது, அதை யார் வாங்கினார்கள் என்று எவரும் சொல்ல முன்வரவில்லை. அன்றைய இட்லியை அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, “முன்னாடியே உப்புப் போட்டா இப்படித்தான் வரும்” என்று சொன்னதும், மனைவி அதை மறுக்காமல் இருந்ததும் மட்டும் பதிவில் உள்ளன.

பயன்படாமல் நின்ற மாவு பின்னர் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடலாம். அன்று இரவு தோசை. மறுநாள் ஊத்தப்பம், வெங்காயம் போட்டு. மூன்றாம் நாள், அதற்குள் தையே பிறந்துவிட்டதுபோல் புளித்துப்போய், குழிப்பணியாரம். பிற்பகல் வீரத்தின் விளைவுகள் இவை; சுவையில் குறைவில்லை.

தொடர் ஆய்வுக்கு உரிய பொருள், அதே குளிரில் தயிர் உறையாமை. பால் விடியும் வரை பாலாகவே இருந்துவிட்டு, எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்த பிறகு கட்டித் தயிராவதன் காரணங்களை ஆராய, கூடுதலாக ஒரு லிட்டர் பாலும் ஒரு தனிப் பாத்திரமும் கோரி ஆய்வாளர் வீட்டில் விண்ணப்பித்தார்.

“முதல்ல போய் அந்த உளுந்தை ஊறப் போடுங்க” என்று பதில் வந்தது.