மரம் நடுகிறோம், மலையைக் காணோம்

இந்தியாவில் நிலம் பாலையாகிறதே என்று யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. அதற்குத் தேசிய செயல்திட்டம் இருக்கிறது. 2001-ல் ஒன்று போட்டார்கள், 2023-ல் இன்னொன்று. நடுவில் வரைபடத் தொகுப்பு மூன்று, பன்னாட்டு மாநாடு ஒன்று, தில்லிப் பிரகடனம் ஒன்று. நிலம்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

கணக்கு எதிர்க்கட்சி போட்டதல்ல. அகமதாபாத்தில் இருக்கும் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செயற்கைக்கோள் படத்தை வைத்துப் போட்டது. 2003-05-ல் நாட்டில் கெட்டுப்போன நிலம் 9 கோடியே 45 லட்சம் ஹெக்டேர். 2011-13-ல் 9 கோடியே 64 லட்சம். 2018-19-ல் 9 கோடியே 78 லட்சம். நாட்டின் பரப்பில் 29.77 சதவீதம். இன்னும் கால் சதவீதம் ஏறினால் முப்பது. அதற்கும் ஒரு விழா எடுக்கலாம்.

இதே காலத்தில், அதாவது 2011-லிருந்து, 98 லட்சம் ஹெக்டேரைச் சீரமைப்பின் கீழ் கொண்டுவந்துவிட்டோம் என்று 2018-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் உலகத்துக்கு அறிக்கை கொடுத்தது. 98 லட்சம் திருத்தியும் மொத்தக் கணக்கில் 14 லட்சம் கூடியிருக்கிறது என்றால், ஏறக்குறைய 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேரை ஏழெட்டு ஆண்டுக்குள் யாரோ புதிதாக நாசம் செய்திருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், திருத்தியது ஏட்டுச் சுரைக்காய். இரண்டில் எது என்று அமைச்சகமே சொல்லட்டும். எதைச் சொன்னாலும் ஒருவராவது ராஜினாமா செய்ய வேண்டிவரும் என்பதால் இதுவரை எதையும் சொல்லவில்லை.

சொல்வதற்குப் பதில் இலக்கைக் கூட்டினார்கள். 2019 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் ஐ.நா. மாநாடு நடந்தது. 2030-க்குள் 2 கோடியே 10 லட்சம் ஹெக்டேர் என்றிருந்த இலக்கைப் பிரதமர் அந்த மேடையிலேயே 2 கோடியே 60 லட்சம் ஆக்கினார். கைதட்டல். நூற்றுக்கு முப்பது வாங்கிய பையன் அடுத்த பரீட்சையில் நூற்றிருபது வாங்குகிறேன் என்றால் வீட்டில் முதுகில் இரண்டு வைப்பார்கள். நாடு என்றால் மாநாட்டுத் தலைமைப் பதவி கொடுக்கிறார்கள்.

இது ஒரு கட்சியின் கைவரிசை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். 1985 ஜனவரியில் ராஜீவ் காந்தி தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியத்தை அறிவித்தார். இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேர். அந்த வேகத்தில் நட்டிருந்தால் நொய்டா மாநாட்டுக்குள் 17 கோடி ஹெக்டேர் ஆகியிருக்கும். கெட்ட நிலமெல்லாம் தீர்ந்து, மிச்சக் கன்றை வங்கக் கடலில்தான் ஊன்றியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரியத்துக்காக 1992-ல் தரிசு நில மேம்பாட்டுத் துறை என்று ஒரு துறை வந்தது. 1999-ல் அதன் பெயரை நிலவளத் துறை என்று மாற்றினார்கள். ஒரே ஒரு அரசாணையில் தரிசு அடியோடு ஒழிந்த இடம் இந்தியாவில் அந்தப் பெயர்ப்பலகைதான்.

சரி, நிலம் எதனால் கெடுகிறது? இஸ்ரோ தொகுப்பே சொல்கிறது. முதல் காரணம் தண்ணீர் அரித்துக்கொண்டு போவது. நாட்டின் பரப்பில் 11 சதவீதம். அடுத்தது தாவரப் போர்வை அழிவது, 9 சதவீதம். காற்றும் மணலும் அதற்குப் பிறகுதான், ஐந்தரைகூட இல்லை. மாநிலப் பரப்போடு ஒப்பிட்டால் முதலிடத்தில் நிற்பது ராஜஸ்தான் அல்ல, ஜார்க்கண்ட். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கெட்டுக் கிடக்கிறது. அங்கே ஒட்டகமும் இல்லை, மணல் மேடும் இல்லை. ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற காட்டு மாநிலம். மழையில் மண் கரைந்து ஓடுகிற மேட்டு நிலம் அது. கூடவே நிலக்கரியும் இரும்பும் தோண்டிய குழிகள் இருக்கின்றன. குழிக்குப் பக்கத்தில் ‘பசுமை இந்தியா’ பலகையும் இருக்கும்.

இத்தனை நோய்க்கும் 2023 திட்டம் எழுதிக் கொடுத்த மருந்து ஒன்றே ஒன்று: வனவியல் தலையீடுகள். தலைப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. கோப்பு வன அமைச்சகத்தில் இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்தது கன்று நடுவது. வாய்க்கால் பாசனத்தில் உவர் ஏறிய வயலா, அது ஜல சக்தி. யூரியா கொட்டிச் செத்த மண்ணா, அது உரத்துறை. தோண்டிப் போட்ட மலையா, அது சுரங்கம். நான்குவழிச் சாலையில் போன ஏரியா, அது நெடுஞ்சாலை. கெடுக்கிறவன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இந்தத் திட்டத்தில் எங்கேயும் கிடையாது.

கன்று நடும் அழகையும் பார்த்திருப்பீர்கள். 1950-ல் கே.எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவம் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. ஜூலை வந்தால் பந்தல், நாற்காலி, பொன்னாடை. பாலித்தீன் பையைக் கிழிக்காமலே கன்றைக் குழியில் இறக்கி, பூவாளியைப் பிடித்தபடி கேமராவைப் பார்ப்பார்கள். தண்ணீர் செருப்பில் விழும். கம்பிக் கூண்டில் மாட்டிய பெயர்ப்பலகை கன்றைவிட ஒரு முழம் உயரம். அடுத்த வாரம் கூண்டு போய்விடும், அடுத்த மாதம் கன்று போய்விடும். மறு ஜூலையில் அதே குழி, புதுக் கன்று, புது பில். இந்த நாட்டில் மறுசுழற்சி முறையாக நடப்பது குழியில் மட்டும்தான்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2013-ல் வந்த தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையைப் புரட்டுங்கள். காட்டை வேறு வேலைக்கு எடுத்தால் அதற்கு ஈடாக வேறு நிலத்தில் காடு வளர்க்க வேண்டும் என்பது சட்டம். 2006 முதல் 2012 வரை அப்படி வந்திருக்க வேண்டிய நிலம் 1,03,381 ஹெக்டேர். வந்தது 28,086. அதில் மரம் வைத்தது 7,280 ஹெக்டேர். நூற்றுக்கு ஏழு. வாங்கிய கடனில் நூற்றுக்கு ஏழைக் கட்டிவிட்டு ஒரு விவசாயி நிமிர்ந்து நடக்க முடியுமா? டிராக்டரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

நட்டு வளர்ந்த மரத்தின் கதை இதைவிடக் கொடுமை. குஜராத்தின் கட்ச் பகுதியில் பன்னி என்று ஒரு புல்வெளி. மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகளுக்குப் பேர்போனது. உப்புப் பாலை உள்ளே வராமல் தடுக்கிறோம் என்று 1961-ல் வனத்துறை 31,500 ஹெக்டேருக்கு மேல் சீமைக் கருவேலத்தை விதைத்தது. உப்பு நின்றதோ இல்லையோ, புல் நின்றுபோனது. முள் மட்டும் அரசு உதவி இல்லாமலே பரவிக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கண்மாய்க்குள் நிற்கும் அதே முள்ளை வெட்டி எறியச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரட்டியது. மேலிருந்து படம் எடுக்கும் செயற்கைக்கோளுக்கு அதுவும் பச்சைதான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்து சதவீதம் மர நிழல் விழுந்தால் அது காடு என்று எண்ணுகிற நாடு இது. தென்னந்தோப்பும் காடு, தேயிலைத் தோட்டமும் காடு. புல்வெளி தரிசு.

ஆரவல்லிக்கு வருவோம். தார்ப் பாலை கிழக்கே நகராமல் தில்லியைக் காப்பது அந்த மலைத்தொடர்தான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்குப்படி, ராஜஸ்தானில் ஆய்வு செய்த 128 மலைகளில் 31 மலைகளைக் காணோம். மலையைத் தூக்கிக்கொண்டு ஓட மக்கள் என்ன அனுமாராகிவிட்டார்களா என்று நீதிபதி மதன் லோக்கூர் கேட்டார். அனுமார்மேல் இந்தப் பழி வேண்டாம். அவர் உயிர் காக்க ஒரே ஒரு மலையைத் தூக்கினார். வேலை முடிந்ததும் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்று நம் கம்பர் சொல்கிறார். இவர்கள் ஜல்லி உடைத்து விற்றுவிட்டார்கள்.

காணாமல்போன மலைக்கு என்ன பரிகாரம்? 2023 மார்ச்சில் ஆரவல்லி பசுமைச் சுவர் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். நான்கு மாநிலங்களில், மலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு மரம் வைப்பார்களாம். இரண்டே ஆண்டில், சுற்றிலும் இருக்கும் தரையிலிருந்து 100 மீட்டர் உயரம் இருந்தால்தான் ஆரவல்லி மலை என்று அதே அமைச்சகம் தலைமை தாங்கிய குழு பரிந்துரைத்தது. 99 மீட்டரா? மன்னிக்கவும், நீங்கள் மலையில்லை, மேடு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஊர் கொதித்ததும் டிசம்பர் கடைசியில் தன் உத்தரவைத் தானே நிறுத்திவைத்தது. மலையை அளவுகோலால் உடைத்துவிட்டு, சுவரை எதைச் சுற்றிக் கட்டுவதாக உத்தேசமோ?

அந்த ஆரவல்லி ஓடும் ஹரியாணாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கிரேட் நிகோபார் தீவில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுக்கிறார்கள். அதற்கு ஈடாக மரம் வளர்க்கக் குறித்த இடம் ஹரியாணா. கடலுக்கு நடுவே நிற்கும் ஆதிகாட்டை வெட்டிவிட்டு, ஆண்டில் பாதி நாள் புழுதி பறக்கும் நிலத்தில் கன்று ஊன்றினால் கணக்கு நேராகிவிடுகிறதாம். தீவில் மட்டுமே கூடு கட்டும் பறவை ரயிலேறி ஹரியாணாவுக்கு வரும் என்று திட்டத்தில் எழுதாமல் விட்டது ஒன்றுதான் குறை.

இத்தனைக்கும் நடுவில் இவர்கள் குற்றவாளியைக் கண்டுபிடிக்காமல் இல்லை. ஆடு மேய்ப்பவன். ‘அளவுக்கு மீறிய மேய்ச்சல்’ என்ற வரி இல்லாத அறிக்கையே கிடையாது. ராமநாதபுரத்துக் கீதாரி மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்களுக்கு நடந்தே போகிறார். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டால் இரவெல்லாம் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்குகிறது. பைசா மானியம் இல்லாமல் மண்ணுக்குத் தீனி போடுகிற அவர் நிலத்தின்மீது ‘அழுத்தம்’. ஏரிக்குள் பொக்லைனை இறக்குகிறவர் ‘வளர்ச்சி’. 2.6 கோடி ஹெக்டேரை மீட்கப்போகிறவர்கள் இந்தக் கீதாரியின் பழைய மேய்ச்சல் புறம்போக்கில்தான் வேலி போட்டுக் கன்று நட்டு, மீட்டுவிட்டதாகப் படம் எடுத்து அனுப்புவார்கள்.

அடுத்த கிராம சபைக்குப் போனால் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டு முடித்ததும் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு எத்தனை ஏக்கர், இன்றைக்கு அது யார் கையில் இருக்கிறது? போன ஜூலையில் நட்டதாகக் கணக்கு எழுதிய கன்றுகள் எந்த சர்வே எண்ணில் நிற்கின்றன? பதிலை வாயால் வாங்காதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.