ச.மே. 1

வீட்டுக்காரர் தம் மகன் அமெரிக்காவிலிருந்து வரப்போவதாகச் சொன்னார். சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதுவரை மூன்று வீடுகளை மூன்று மகன்களுக்காகக் காலி செய்திருக்கிறேன். ஒருவனும் விமானம் ஏறியதாகத் தகவல் இல்லை.

மனைவியிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் பெரியப்பா. கக்கத்தில் இருநூறு பக்க நீள நோட்டு, காதில் மார்க்கர் பேனா.

"வைகாசி முடிய பதினெட்டு நாள்தான் இருக்கு. என்னடா பண்ணிட்டிருக்கே?"

யார் சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை தெரியாது. மழை வருவது எறும்புக்குத் தெரிகிற மாதிரிதான்.

எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் உண்டு. கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசுகிறவர் வேறு, ஆஸ்பத்திரியில் ராத்தங்குகிறவர் வேறு. இவர் பிறர் வீடு மாற்றுவதற்கென்றே அவதரித்தவர். சில வீடுகளில் சித்தப்பா, சில வீடுகளில் மச்சினர், எங்கள் வீட்டில் பெரியப்பா. கண்டுபிடிக்க ஒரே அடையாளம், அவர் சொந்த வீட்டில் இருப்பார். எங்கள் பெரியப்பா 1986-இல் நங்கநல்லூரில் கட்டிய வீட்டை விட்டு ஒரு நாளும் நகர்ந்ததில்லை. அரசுத் துறை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் சாமான் எண்ணினார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எண்ண ஒன்றுமில்லை. மனுஷர் என்னதான் செய்வார்?

நோட்டைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டார். முதல் பக்கம் நாள். ஆனியில் குடிபோகக் கூடாது, ஆடி பேசவே வேண்டாம், ஆவணி வரை வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். ஆக வைகாசியில் ஒரு புதன்கிழமை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம், ஏழரையிலிருந்து ஒன்பது எமகண்டம். ஆறு மணிக்குள் குரோம்பேட்டை வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும். ஒன்பதேகாலுக்கு மடிப்பாக்கத்தில் முதல் சாமான் வண்டியேற வேண்டும். கீழ்க்கட்டளை வழியாக ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். அந்த வழிக்கு ஒரு படம் வரைந்து, திருப்பங்களில் அம்புக்குறி போட்டிருந்தார்.

இரண்டாம் பக்கம் அட்வான்ஸ். பத்து மாத வாடகை கொடுத்திருந்தோம். பெரியப்பா சீறினார். "2017-லயே சட்டம் போட்டாச்சுடா. 2019-லேர்ந்து அமல்ல இருக்கு. தனியா ஒப்பந்தம் இல்லேன்னா மூணு மாச வாடகைக்கு மேல முன்பணம் கேக்கவே கூடாது. நான் பேசறேன் வா." மாடிக்குப் போனோம். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் பெரியப்பா இரண்டு கையையும் கூப்பி, "பையன் எப்ப வரான்? சௌக்கியமா?" என்றார். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

கீழே வந்து மீட்டரைப் படம் எடுத்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுப்பார்கள், நடுவில் காலி செய்தால் தகராறு வரும் என்றார். நியாயம்தான். ஆனால் சாட்சிக்காக என்னையும் மீட்டர் பக்கத்தில் நிறுத்தினார். ஆதார் அட்டையில் இருப்பதைவிட அந்தப் படத்தில் நன்றாகவே இருக்கிறேன்.

அட்டைப்பெட்டிகளை மருந்துக்கடையிலிருந்து அவரே ஸ்கூட்டரில் ஏற்றி வந்தார். மளிகைக்கடைப் பெட்டியில் கரப்பான் முட்டை இருக்குமாம். முதியோர் டயப்பர் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டியில் என் மனைவியின் பட்டுப்புடவைகள் போயின. "எந்தத் திருடனும் தொடமாட்டான்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்ததுதான் அவருடைய உச்சம். 'சமையல் சாமான்' என்று முழுதாக எழுதினால் மை வீணாம். ஹா.டி. என்றால் ஹால், டிவி பக்கம். ப.கி. என்றால் படுக்கையறை, கிழக்குச் சுவர். சமையல் மேடை ச.மே., சாமி மேடை சா.மே. நோட்டின் நடுப்பக்கத்தில் விளக்க அட்டவணை. என் பையன் அதை மனப்பாடம் செய்து ஒப்பித்து ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டான்.

பரணைத் திறந்த அன்றுதான் வேலை நின்றது. பெரியப்பா ஏணியில், நான் கீழே. எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றாக வந்தது. நம் ஊரில் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே மெஷினை வைத்துக் கர்ரென்று பெயர் வெட்டித் தருவார்கள். எங்கள் பரணில் எங்கள் பெயர் வெட்டிய பாத்திரம் கால்வாசி இருந்தால் அதிகம். மீதியெல்லாம் சீர் வைத்தவர்கள், பலகாரம் கொடுத்தனுப்பியவர்கள், எப்போதோ பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொரு விளிம்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார். நடுவில் ஒரு மூடிபோட்ட தூக்கு வந்ததும் ஏணியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது என்னோடதுடா."

அவருடைய இனிஷியல்தான். கீழே 4-2-97 என்று தேதி. என் அண்ணன் கல்யாணத்துக்கு அதில் நெய் கொண்டுவந்தாராம். திரும்பி வரவில்லை. இத்தனை வருஷமாகப் பெரியம்மா அதற்காகத் தன் தங்கைமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாளாம். நோட்டில் தனிப் பக்கம் போட்டு, 'தூக்கு 1. மீட்கப்பட்டது' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். அன்று ராத்திரி பெரியம்மா போன் செய்தாள். "தூக்கு வந்துடுத்து. சந்தோஷம். எங்க வீட்டுப் பரணுக்கு ஒரு நாள் அவரை வரச் சொல்லுடா. முப்பது வருஷமா நானும் கேட்டுண்டிருக்கேன்."

செவ்வாய் ராத்திரி எல்லாம் தயார். விடிகாலையில் ஆட்டோவில் போக வேண்டியது மூன்றே உருப்படி: சாமி படமும் காமாட்சி விளக்கும் அடங்கிய பை, இண்டக்‌ஷன் அடுப்பு, ச.மே. 1. காஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்துவிட்டோம், புது இணைப்பு வர நாளாகும். அதனால்தான் கரண்ட் அடுப்பு. ச.மே. ஒன்றில் பால் பாத்திரம், சர்க்கரை, கரண்டி, டம்ளர். பெரியப்பாவே பார்த்துப் பார்த்து அடுக்கியது.

நாலே முக்காலுக்கு, மாடிப்படி வெளிச்சத்தில் ச.மே. 1 என்று படித்து நான்தான் தூக்கினேன். கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது.

ஐந்தரைக்குப் புது வீட்டில் விளக்கேற்றி, உப்பும் மஞ்சளும் துவரம்பருப்பும் வைத்து, பெட்டியைப் பிரித்தோம். உள்ளே இரண்டு பித்தளைக் குத்துவிளக்கு, மணி, பஞ்சபாத்திரம், ஒரு வெண்கலச் சொம்பு. பெரியப்பா பெட்டியைச் சுற்றி வந்து எழுத்தைத் தடவிப் பார்த்தார். 'ச' அட்டையின்மேல் விழுந்திருக்கிறது, துணைக்கால் பிரவுன் டேப்பின்மேல். டேப்பில் மார்க்கர் ஒட்டாது. யாரோ ஈரக்கையால் தொட்டிருக்கிறார்கள். சாமி மேடை சமையல் மேடையாகிவிட்டது.

"துணைக்கால் இல்லாம எப்படிடா படிச்சே?"

"இல்லாததை எப்படிப் பெரியப்பா படிக்கறது?"

மணி ஐந்து நாற்பது. பாதகமில்லை, வெண்கலச் சொம்பிலேயே காய்ச்சலாம் என்று பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். அடுப்பு பீப் பீப் என்று கத்தி அணைந்தது. இடத்தை மாற்றினார், கத்தியது. கற்பூரம் காட்டினார், கத்தியது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அந்த அடுப்புக்கு ஆகும். வெண்கலம், பித்தளை, செம்பு எதையும் சீந்தாது. சாமி பாத்திரம் என்றும் பார்க்காது. கடைசியில் என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கீழே இறங்கிப் போய், முன்பின் அறியாத புது வீட்டுக்காரம்மாவை எழுப்பி, அடி கனமான ஒரு எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்தாள். ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் பால் பொங்கியது. பெரியப்பா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தின் விளிம்பைப் படித்துப் பார்த்து நோட்டில் என்னவோ எழுதினார்.

மற்றதெல்லாம் சட்டென்று முடிந்தது. குட்டியானை ஒன்று முக்கால் டன் சுமக்கும், நம் சாமான் இவ்வளவு, ஆகவே இரண்டு நடை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆனால் கைலி கட்டிய மூன்று பேர் வந்து, வீட்டை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்து, "மூணு நடை" என்றார்கள். மூன்றுதான் ஆயிற்று. கிரைண்டர் கல்லைத் தனியாக எடுக்கவும், பிரிட்ஜைப் படுக்க வைக்காமல் நிறுத்தியே கொண்டுபோகவும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா நோட்டைப் பிரித்து, "முதல்ல ஹா.டி. 1 எடுங்கப்பா" என்று ஆரம்பித்தார். பீரோவை முதுகில் சுமந்து வந்தவர், "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கால்ல பட்டுடப் போவுது" என்றார். அவர் ஓரமாக நின்றார். அதற்குப் பிறகு வண்டியேறிய ஒவ்வொன்றுக்கும் டிக் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

புது வீட்டில் பிரிட்ஜை நாலு மணி நேரம் யாரும் போடக்கூடாது, கம்ப்ரஸர் ஆயில் கீழே இறங்க வேண்டும் என்று அதன் எதிரே நாற்காலி போட்டுச் சாயங்காலம் வரை காவல் இருந்தார். அங்கேயே தூங்கியும் போனார்.

இது நடந்து இரண்டு வருஷம். போன வாரம் குரோம்பேட்டை வீட்டுக்காரம்மா மேலே வந்து, மகள் துபாயிலிருந்து வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பெரியப்பா வந்தார். அதே நோட்டு. மனைவி காபி கொடுத்தாள். ஒரு வாய் குடித்து, "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் பழைய பக்கங்களைப் புரட்டினார். கடைசிப் பதிவில் விரல் நின்றது.

"வீட்டுக்காரம்மா பால் பாத்திரம் ஒண்ணு. வ.ஜெ., 12-9-91. திருப்பின தேதி காலியா இருக்கே. முதல்ல அதைக் குடுத்துட்டு வா, அப்புறம் அட்வான்ஸ் பேசலாம். எங்கடா அது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பெரியப்பாவின் கையிலிருந்த காபி டம்ளரைப் பார்த்தாள்.