சுவைஞர் வாழ்க!

கறுத்த ஸ்டவுட் பீரில் போர்ட் ஒயினைக் கலந்து குடிப்பது அயர்லாந்து, இங்கிலாந்து மதுக்கூடங்களின் பழைய வைத்தியம். நேற்றைய போதை இன்று தெளிய இதுவே மருந்தாம். நியாயம்தானே? கின்னஸ் உடம்புக்கு நல்லது என்று 1929-லேயே விளம்பரம் வந்துவிட்டது. போர்ட் ஒயினோ, புளித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் சாராயத்தை ஊற்றி, இனிப்பைத் தப்பவிடாமல் பிடித்துவைத்த போர்ச்சுகல் டானிக். சுமார் 20 சதவீத வீரியம். இரண்டு மருந்து சேர்ந்தால் இரட்டிப்பு ஆரோக்கியம்.

இதன் அருமையைப் பாமரர் அறிய முடியாது. பாமரருக்குத் தெரிவது வறுத்த பார்லியின் கசப்பும் திராட்சையின் இனிப்பும் மட்டுமே. சுவைஞரின் நாக்கோ குதிரைச் சேணம், சுருட்டுப் பெட்டி, மழையில் நனைந்த கருங்கல் என்று வரிசையாகக் கண்டுபிடிக்கும். இவற்றையெல்லாம் அவர் எப்போது நக்கிப் பார்த்தார் என்று கேட்பது அநாகரிகம்.

ஒரு சிக்கல் உண்டு. ஒயின் சுவைஞர் துப்ப வேண்டும். பீர் சுவைஞர் விழுங்க வேண்டும். கலவையை என்ன செய்வது? கடமையுணர்வு மிக்கவர்கள் முழுவதையும் விழுங்கிவிடுகிறார்கள். அறிவியலுக்காக எத்தனை பெரிய தியாகம்!

பலனும் சுவைக்குறிப்பில் உடனே தெரியும். முதல் கோப்பைக்கு ஒரு வரி, இரண்டாவதற்கு ஒரு பத்தி, மூன்றாவதற்கு ஒரு காவியம்: "அடக்கம், தெளிவு, காலத்தை வென்ற தூய்மை." நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணும் அதற்கே.

அந்த மூன்றாவது கோப்பையில் இருந்தது வாய் கொப்பளிக்க வைத்திருந்த தண்ணீர். விலை நிர்ணயம் நாளை.