நமக்குள்ள என்னண்ணே போட்டி!

ஒரே அணியில் இருக்கிறவன் "நமக்குள்ள என்னண்ணே போட்டி?" என்று சொன்னால் உடனே அவனுடைய இடது கையைப் பாருங்கள். விரலை மடக்கிக்கொண்டிருப்பான். அது உங்கள் கணக்கு. அவன் கணக்கு அவனுக்கு மனப்பாடம்.

ஆருத்ரா முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எரிச்சல் அப்படியே இருக்கிறது. திருவாலங்காட்டில் திருவிழாவுக்குப் போட்டிருந்த பலூன் சுடும் கடையில் எங்கள் கம்பெனி ஆட்கள் பந்தயம் கட்டினோம். தரம் பார்க்கும் கியூ.சி. சார்பில் நானும் ஒரு தம்பியும், மெயின்டனன்ஸ் சார்பில் இரண்டு பேர். தோற்கிற ஜோடி எல்லோருக்கும் டீயும் மசால் வடையும் வாங்கித் தரவேண்டும். ஜெயித்தது நாங்கள்தான். வடையும் சூடாகத்தான் இருந்தது.

பிறகு என்ன எரிச்சல்? திங்கட்கிழமை காலை அரக்கோணம் லோக்கலில் "நாங்க ஜெயிச்சோம்" என்று தம்பி ஆரம்பித்த கதை, திருவள்ளூரில் இறங்கி காக்களூர் போய்ச் சேருவதற்குள் "நான் இத்தனை, அண்ணன் இத்தனை" என்று ஆகிவிட்டது. மெயின்டனன்ஸ்காரர்கள் கதையிலேயே இல்லை, தோற்றவர்களாகக்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் மச்சான் போன் பண்ணி, "என்ன மாமா, கை நடுங்குதாமே?" என்கிறான்.

நட்பும் கெடாமல், கூட்டாளியைக் குறிபார்த்துத் தோற்கடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், பந்தயத்தில் மனசுக்குள் ஓடுகிற வேண்டுதல் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

எதிரி சுடும்போது வேண்டுதல் சுலபம்: படக்கூடாது. நாம் சுடும்போது அதைவிடச் சுலபம். கூட்டாளி துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போதுதான் சாமிக்கே தலை சுற்றும். படணும் சாமி, படாவிட்டால் வடைக்காசு நம் தலையில். ஆனால் வரிசையாகப் படக்கூடாது. நான் சுட்டதைவிட ஒன்று குறையணும். ஒன்றே ஒன்று, அதற்கு மேல் குறைந்தால் அணி போச்சு. அந்த ஒன்றும் கடைசியில் தவறணும். முதலிலேயே தவறினால் பயல் உஷாராகிவிடுவான். தவறுவதும் மயிரிழையில் தவறணும். ரொம்ப விலகிப் போனால் "குழல் கோணல்" என்று ஊரே ஒத்துக்கொள்ளும். குழல் கோணல் என்கிற காரணம் எனக்காக எடுத்து வைத்தது, அதில் அவன் கை வைக்கக் கூடாது. இரண்டு பேரும் சமமாக வந்தால்? வரட்டும், ஆனால் "அண்ணன்தான் ஸ்டைலா சுட்டாரு" என்று கடைக்காரர் நாலு பேர் காதில் விழச் சொல்லணும். இத்தனையும் அவன் விசையை அழுத்துவதற்குள் மனசுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். கூடவே வாயால் "அடி தம்பி, சூப்பர்!" என்று கத்தவும் வேண்டும். பலூன் வெடித்தால் முதல் கைதட்டு நம்முடையதாக இருக்க வேண்டும், தாமதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வெடிக்காவிட்டால் ஒரு "ச்சே!" போட வேண்டும். அந்த "ச்சே"யில் சந்தோஷம் கசியாமல் இருப்பதற்கு வீட்டில் பழகிவிட்டுத்தான் போக வேண்டும். நடுவில் யோசனை வேறு. "மூச்சை அடக்கு தம்பி" என்று நான் சொல்வது எப்போதும் அவன் அடக்கி முடித்து, அழுத்தப் போகிற நேரத்தில்தான். அக்கறை.

பலூனுக்கே இந்தப் பாடு. 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர். சுடுகிற குண்டு 4.5 மில்லிமீட்டர். பொட்டைவிடக் குண்டு பெரிது! 2023 செப்டம்பர் 25, ஹாங்சோ ஆசிய விளையாட்டு. ருத்ராங்க்ஷ் பாட்டீல், திவ்யான்ஷ் சிங் பன்வார், ஐஸ்வரி பிரதாப் சிங் தோமர் மூவரும் சேர்ந்து 1893.7 புள்ளி எடுத்தார்கள். உலக சாதனை; அந்த விளையாட்டுகளில் இந்தியாவுக்கு முதல் தங்கம். தனிநபர் இறுதிச் சுற்றுக்கும் அதே சுற்றுதான் தகுதிச் சுற்று. அங்கே ஒரு விதி: ஒரு நாட்டுக்கு இரண்டு பேர்தான். முதல் எட்டுக்குள் வந்தும் திவ்யான்ஷ் வெளியே. காரணம் சீனாக்காரர் இல்லை, கொரியாக்காரர் இல்லை. பக்கத்தில் நின்ற சொந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரும் இவரைவிட நன்றாகச் சுட்டுத் தொலைத்தார்கள். எந்தச் சுடலால் தங்கம் கழுத்துக்கு வந்ததோ, அதே சுடலால் இறுதிச் சுற்று போனது. உள்ளே போன இருவராவது நிம்மதியாக இருந்தார்களா? ஆளுக்கு 208.7 என்று சமமாக வந்து முட்டிக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் வெளியேற்ற ஷூட்-ஆஃப். தோமருக்கு வெண்கலம், பாட்டீலுக்கு நான்காம் இடம். "யாருக்குக் கிடைச்சா என்ன, இந்தியாவுக்குத்தானே" என்று நாம் சோபாவில் சாய்ந்தபடி சொன்னோம். சோபாவில் துப்பாக்கி கிடையாது, சொல்லலாம்.

2010 டில்லி காமன்வெல்த்தும் இதே கதைதான். அபினவ் பிந்த்ராவும் ககன் நாரங்கும் ஜோடியாகத் தங்கம். தனித்தனியாக நின்றபோது நாரங்குக்குத் தங்கம், ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிந்த்ராவுக்கு வெள்ளி.

ஆனால் இந்த வம்புக்கெல்லாம் மூத்தது திருவாலங்காட்டு வம்பு. சிவனுக்கும் காளிக்கும் நடனப் போட்டி. ஒரே வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சளைக்கவில்லை. சிவனின் காதுக் குண்டலம் கீழே விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தாமல் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேல் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டார். நாலு பேர் முன்னால் அப்படிக் காலைத் தூக்கக் கூசிய காளி தோல்வியை ஒப்புக்கொண்டாள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: குண்டலம் தானாகத்தான் விழுந்ததா? மேடையும் அவருடைய ரத்தின சபை. அடியில் உட்கார்ந்து பாடுகிறவர் காரைக்கால் அம்மையார். அந்த அம்மாள் யார் கட்சி என்று ஊருக்கே தெரியும். எங்கள் கியூ.சி.யில் இந்த ரிப்போர்ட் பாஸாகாது.

அதற்காக ஜெயித்தவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. இங்கே வருகிறவர்கள் முதலில் காளியைக் கும்பிட்டுவிட்டுத்தான் தன்னிடம் வரவேண்டும் என்று வைத்துவிட்டார். இன்றைக்கும் அதுதான் வழக்கம். கூட ஆடியவளுக்கு அவர் கொடுத்த மரியாதை. இதைத் தம்பியிடம் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். "அதுக்கு நீங்க காளி மாதிரி ஆடியிருக்கணும்ணே" என்கிறான்.

கூட்டாளியைத் தோற்கடிக்கும் அந்த வழியைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் தம்பி இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவன். அடுத்த ஆருத்ரா முடியட்டும்.