ஸ்ட்ராபெரி ஜாம்: மூலமும் உரையும்

0. தோற்றுவாய்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கிற்குப் போயிருந்தேன். காலை பதினொன்றே முக்காலுக்கு மேடையேறிய பேராசிரியர் ஒருவர், ஒரு பழைய செய்யுளில் வரும் ‘உம்’ எண்ணும்மையா, எச்சவும்மையா, சிறப்பும்மையா என்று தொடங்கினார். இரண்டு மணிக்கு ‘மூன்றும் பொருந்தும்’ என்று முடித்தார். அதற்குள் சாம்பார் ஆறி, அப்பளம் நமுத்துவிட்டது. நமுத்த அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றைக் கண்டுகொண்டேன்: இந்த முறைக்குத் தப்பிக்கக்கூடிய பொருள் உலகில் எதுவுமே இல்லை.

அதன் விளைவே இவ்வாய்வு. பொருள்: வீட்டு அடுப்படியில் ஸ்ட்ராபெரி படும் பாடு. களம்: கோயம்புத்தூரில் ஒரு வீடு, இரண்டு பர்னர் அடுப்பு ஒன்று, 200 கிராம் பெட்டி மூன்று. காலம்: பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. நிதியுதவி: மனைவியின் மளிகைப் பணம். இச்செய்தி அவருக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை.

1. பெயராய்வு

‘ஸ்ட்ராபெரி’ என்ற சொல்லைத் தொல்காப்பியர் வீட்டுக்குள் விடமாட்டார். ஒற்றெழுத்து மொழிக்கு முதலில் வராது என்பது விதி. இங்கோ ஒற்றில் தொடங்குவது மட்டுமல்ல, இரண்டு ஒற்று கைகோத்துக்கொண்டு வாசலை அடைக்கின்றன. இதற்கு மாற்றாகச் ‘செம்புற்றுப்பழம்’ என்றொரு சொல் ஆக்கப்பட்டிருக்கிறது. அதை ஆக்கியவர்கள் பழக்கடையில் ஒருமுறையாவது சொல்லிக் கேட்டுப் பார்த்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. நான் கேட்டேன். கடைக்காரர் மருந்துக்கடைக்கு வழி காட்டினார்.

பிறகு அவரே, “இஸ்டாபெரியா சார்?” என்றார் (பழக்காரர், வாய்மொழி). கவனிக்க: முன்னே ஓர் இகரம், நடுவில் ரகரம் கெட்டது. மொழிமுதல் சிக்கல் தீர்ந்தது. இலக்கணம் படித்தவர்கள் மீறிக்கொண்டிருக்கும் விதியைத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் காப்பாற்றிவருகிறார். அவருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை பொன்னாடை போர்த்தியதில்லை.

2. கனி எது?

தாவரவியலார் கணக்கில் ஸ்ட்ராபெரி ‘பெரி’ வகையே அல்ல. வாழைப்பழம் பெரி, தக்காளி பெரி, கத்தரிக்காய்கூடப் பெரி. பெயரிலேயே பெரி வைத்திருப்பது மட்டும் பெரி இல்லை. நாம் தின்னும் சிவந்த சதை, பூவின் அடித்தளம் உப்பியது, அது பொய்க்கனி. மேலே ஒட்டியிருக்கும் விதை போன்ற புள்ளிகளே மெய்க்கனிகள். ஒரு பழத்தில் அப்படிச் சுமார் 200 இருக்கும்.

இதன்படி 14 பழம் உள்ள ஒரு பெட்டியில் சுமார் 2,800 பழங்கள். பெட்டியின் விலையைக் கேட்டு முகம் சுளித்த மனைவியிடம் இக்கணக்கை எடுத்துச் சொன்னேன். ஏற்கப்படவில்லை (என் மனைவி, வாய்மொழி, இருமுறை, இரண்டாம் முறை பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்த ஒலியுடன்).

3. வரலாறு

பிரான்சின் பதினான்காம் லூயி, தென்னமெரிக்காவில் ஸ்பெயின்காரர்களின் கோட்டைகளை நோட்டம் பார்த்துவர ஃப்ரேஸியே என்ற பொறியாளரை அனுப்பினார். கோட்டைகளை வரைந்த கையோடு, சிலி நாட்டின் பெரிய பழம் காய்க்கும் ஸ்ட்ராபெரிச் செடிகளையும் அவர் கப்பலில் ஏற்றிக்கொண்டு 1714இல் ஊர் திரும்பினார். பிழைத்து வந்தவை ஐந்து. ஐந்தும் பெண் செடிகள்! பூத்தன, காய்க்கவில்லை. பக்கத்தில் வடஅமெரிக்க வகை ஒன்றை நட்ட பிறகே காய்த்தன. அந்தக் கலப்பில் வந்ததுதான் இன்று நம் கையிலிருக்கும் பழம். 1766இல் துஷேன் என்ற இளைஞர் இந்தக் குடும்ப விவகாரத்தைப் புத்தகமாகவே எழுதி விளக்கினார். பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெரிக்கு ‘ஃப்ரேஸ்’ என்று பெயர். ஃப்ரேஸியே என்ற பெயருக்கும் ஃப்ரேஸுக்கும் உள்ள ஒற்றுமையைக் கொண்டு நம்மவர் ஒருவர் இந்நேரம் இரண்டு முனைவர் பட்டம் வழங்கியிருப்பார்.

4. பெட்டியியல்

பெட்டிக்கு இரண்டு அடுக்கு உண்டு. மேலடுக்கு அகவற்பா: நிமிர்ந்து, சிவந்து, முகம் காட்டி நிற்கும். கீழடுக்கு உரைநடை: சிறுத்து, தோளில் வெள்ளை வைத்து, ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்திருக்கும். எங்கள் மூன்று பெட்டியிலும் மகாபலேஷ்வர் என்று அச்சிட்டிருந்தது. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் அது. குறியீடு மேலடுக்குக்கு மட்டுமா என்பது விளங்கவில்லை.

வெள்ளைத் தோள் பழங்களை மாங்காயைப் போல அரிசிப் பானையில் புதைத்துப் பழுக்க வைக்கலாம் என்பது மாமியார் கொள்கை. ஸ்ட்ராபெரி செடியிலிருந்து பறித்த பிறகு பழுக்கும் இனமல்ல. மூன்றாம் நாள் அரிசியைத்தான் கழுவி உலர்த்த வேண்டியதாயிற்று. காம்போடு கழுவிய பிறகே இலைக்குல்லாயைக் கிள்ள வேண்டும். முதலில் கிள்ளினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் குடித்துச் சப்பென்றாகிவிடும். அழுகல், கழுவும் கைகளின் சபலம் எல்லாம் போக, 600 கிராமில் எஞ்சியது சரியாக அரைக் கிலோ.

5. பண்டங்களின் பாகுபாடு

(அ) அப்படியே தின்பது: ஆய்வுக்கு இடமில்லை, எனவே ஆய்வாளர்கள் இதைக் கருத்தில் கொள்வதில்லை.

(ஆ) மில்க் ஷேக்: மிக்ஸியின் மூடி திறந்துகொண்ட வரலாறு தனி நூலாக வரும்.

(இ) பாயசம்: கொதிக்கும் பாலில் போட்டால் புளிப்பு பாலைத் திரித்துவிடும். ஆறவைத்துக் கலக்கவும். இதை நான் கற்ற விதம் இங்கு வேண்டாம்.

(ஈ) தொக்கு: பச்சைமிளகாய், வெல்லம் சேர்த்து மைத்துனர் செய்தார். அவரே சாப்பிட்டார்.

(உ) கேக்: சமையல் சோடா போட்ட மாவில் நறுக்கிய பழத்தைக் கலந்து அவனில் வைத்தோம். வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் அடிபட்ட கன்னம் மாதிரி நீலம் பாய்ந்த சாம்பல் வளையம். சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமி புளிப்பில்தான் சிவந்திருக்கும். காரத்தில் நிறம் மாறும் என்று விளக்கினேன். “காரமா? கேக்குல யாரு மிளகாய் போட்டது?” என்ற வினா எழுந்தது (மாமியார், தொலைபேசி உரையாடல், குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட காலம்). கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கவனிக்க. சோடாவைக் குறைத்து, தயிர் சேர்த்து, பழத்தை மைதாவில் புரட்டிப் போட்டதும் வளையம் மறைந்தது. கேக்கும் மறைந்தது.

(ஊ) ஜாம்: இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி.

6. ‘தே.அ.’ என்னும் தொடர்

எங்கள் குடும்பத்தில் ஸ்ட்ராபெரி ஜாமுக்கு மூலபாடம் ஒன்றே. குன்னூரில் குடியிருந்த காலத்தில் சித்தி, 1986ஆம் ஆண்டு டைரி ஒன்றில், பால் கணக்குக்கும் வண்ணான் கணக்குக்கும் நடுவே எழுதிவைத்தது. முழுப் பாடம் வருமாறு:

‘பழம் ½ கி. சர்க்கரை தே.அ. எலுமிச்சை 1. கிளறி இறக்கவும்.’

சூத்திரம் என்றால் இது சூத்திரம். ஆனால் ‘தே.அ.’ என்பதற்குப் பொருள் என்ன? நான்கு உரைகள் உள்ளன.

முதல் உரை, ‘தேவையான அளவு’ என்பது (என் மனைவி). இது எளிய பொருள்; ஆகவே ஐயத்திற்குரியது. யாருக்குத் தேவையான அளவு? உண்பவர்க்கா, பழத்துக்கா, என் ரத்தச் சர்க்கரையைப் பார்க்கும் டாக்டருக்கா? பழத்துக்கு என்று கொண்டால் விஞ்ஞானம் துணைக்கு வருகிறது. ஜாம் இறுகுவது பெக்டின் என்ற பசையால். அது இறுக, புளிப்பும் ஏராளமான சர்க்கரையும் வேண்டும். ஸ்ட்ராபெரியில் பெக்டின் குறைவு என்பதால்தான் எலுமிச்சைச் சாறு. தண்ணீர் வற்றி, கரைந்த சர்க்கரை 65 சதவீதத்தை எட்டும்போது பாகு 104, 105 டிகிரியில் கொதிக்கும். ஃபிரீசரில் வைத்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழும். அவ்வளவு சர்க்கரை இருந்தால் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. ஆகப் பழத்தின் எடைக்குச் சமமான சர்க்கரை வேண்டும் என்று முதல் உரைகாரர் முடிக்கிறார். தெளிவான முடிவு. எனவே மேற்கொண்டு ஆராய்வோம்.

இரண்டாம் உரை, ‘தேக்கரண்டி அஞ்சு’ என்பது (இக்கட்டுரையாளர்). சித்தி ஐந்தை ‘அஞ்சு’ என்றே சொல்வார், இது அகச்சான்று. ‘சித்தி ஸ்பூன் என்பாரே தவிரத் தேக்கரண்டி என்று எந்தக் காலத்தில் சொன்னார்?’ என்பது மறுப்பு. பேச்சில் ஸ்பூன், எழுத்தில் தேக்கரண்டி என்பது மறுப்புக்கு மறுப்பு. வாதத்தில் நான் வென்று, பாதிப் பழத்தை அந்த அளவில் கிளறினேன். இறுகவில்லை. ஒன்பதாம் நாள் பாட்டிலுக்குள் சாம்பல் நிறத்தில் முயல்தோல் மாதிரி ஒன்று வளர்ந்திருந்தது. செய்முறை பொய்த்தாலும் கொள்கை பொய்க்கவில்லை என்பதே இன்றும் என் நிலைப்பாடு.

மூன்றாம் உரை, ‘தேன் அரை’ என்பது. சர்க்கரைக்குப் பதில் தேன் என்று கொள்க. அரை என்ன, அரைக் கிலோவா, அரை பாட்டிலா என்று கேட்டதற்கு விடை கிடைக்கவில்லை (மகள், அறைக்கதவுக்குப் பின்னிருந்து, ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கிய நிலையில், கதவு சாத்தப்பட்டதால் கூற்று முற்றுப்பெறவில்லை).

நான்காம் உரையே ஆழமானது: ‘தேங்காய் அளவு’ (மாமியார், மேற்படி தொலைபேசி உரையாடலின் தொடர்ச்சி, விசில் அடங்கி ஆவி இறங்கும் தறுவாயில், பின்னணியில் காக்கைக்குச் சோறு வைக்கும் கரைதலுடன்). எலுமிச்சை அளவு புளி, நெல்லிக்காய் அளவு வெண்ணெய், சுண்டைக்காய் அளவு பெருங்காயம் என்று காய்கனிகளால் அளப்பது நம் மரபு. ஆகவே தேங்காய் அளவு சர்க்கரை. உரித்ததா உரிக்காததா, பொள்ளாச்சித் தேங்காயா என்ற துணைச்சிக்கல்கள் ஒருபுறமிருக்க, இவ்வுரையை ஏற்றால் பெருவிபத்து ஒன்று நேர்கிறது. அடுத்து வரும் ‘எலுமிச்சை 1’ என்பதும் பழமன்று, அளவு என்றாகிவிடும். எதன் அளவு? புளியின் அளவு. ‘புளி’ என்ற சொல் ஏடு பெயர்த்தவரால் விடுபட்டது! ஆக, நாம் இத்தனை நாள் ஜாம் என்று எண்ணியது உண்மையில் புளிக்குழம்பு.

இந்நிலையில் மூலத்தையே நேரில் பார்ப்பது என்று துணிந்தேன். (இத்துறையில் இது வழக்கமன்று.) பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: ‘தே’க்கும் ‘அ’வுக்கும் இடையில் உள்ளது பேனாப் புள்ளியன்று, பழுப்பு நிறப் பொட்டு. புள்ளியா, பாகுத் துளியா? பாகென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாகிவிடும். நாவால் சோதித்தேன். காகிதச் சுவை. 1986இன் பாகு 40 ஆண்டில் காகிதமாகிவிடுமா என்பதற்கு முன்னாய்வுகள் ஏதும் கிடைக்கவில்லை.

7. புறச்சான்று ஒன்றும் அதன் மறுப்பும்

மூலநூலாசிரியர் உயிரோடிருப்பது ஆராய்ச்சிக்குப் பெரிய இடையூறு. சித்தி நலமாக இருக்கிறார். வடவள்ளியில், பேருந்தில் முக்கால் மணி நேரத் தூரத்தில். மனைவியின் வற்புறுத்தலால் தொலைபேசினேன்.

“தே.அ.வா? தேயிலை அக்காடா. பக்கத்து வீட்டுல இருந்தாங்களே, தேயிலை ஃபேக்டரியில வேலை. அந்த மாசம் ரேஷன் சர்க்கரை தீர்ந்துபோச்சு. தோட்டத்துப் பழம் வேற அழுகுது. அவங்ககிட்ட கைமாத்தா வாங்கினேன். மறந்துடக் கூடாதுன்னு எழுதிவெச்சேன்.”

“எவ்வளவு வாங்கினீங்க?”

“அரைக் கிலோ.”

இக்கூற்று ஏற்கத்தக்கதன்று. காரணங்கள்: ஒன்று, ஆசிரியர் தம் நூலுக்குத் தாமே பொருள் சொல்வது தற்சார்புடையது. இரண்டு, தேயிலை அக்கா என்பார் இருந்தமைக்குக் கல்வெட்டோ செப்பேடோ இல்லை. மூன்று, அரைக் கிலோ பழத்துக்கு அரைக் கிலோ சர்க்கரை என்பது முதல் உரையோடு ஒத்துப்போகிறது. அதாவது என் மனைவி சரி என்றாகிறது. ஆகவே இதைப் பிற்கால இடைச்செருகல் எனத் தள்ளுகிறோம்.

எஞ்சிய பாதிப் பழத்தைச் சம எடைச் சர்க்கரையோடு அன்று மாலையே மனைவி கிளறி இறக்கிவிட்டார். தட்டில் விட்ட துளியில் சுருக்கம் விழுந்தது. ஆய்வு நடுநிலை கருதி நான் அதைப் பார்க்கவில்லை. இரண்டு ரொட்டியில் தடவித் தின்றதோடு சரி.

பொருளுக்குப் புறம்பானதெனினும், தொலைபேசியை வைக்குமுன் சித்தி சொன்னதையும் முழுமை கருதிப் பதிவு செய்கிறேன்: “அவங்களுக்கு வால்பாறைக்கு மாத்தல் ஆயிடுச்சுடா. அந்தச் சர்க்கரையை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கலை.”