டெல்லி ஐயாவின் கார்: ஒரு மனு

அனுப்புநர்: மனுதாரர், மஞ்சள் மண்டி, ஈரோடு.

பெறுநர்: மகாகனம் பொருந்திய மேலாளர் சமூகம், அங்கீகாரம் பெற்ற சொகுசுக் கார் சேவை மையம், கோயம்புத்தூர்.

பொருள்: ஓட்டுநர் ஓய்வறையில் மனுதாரருக்குக் கிடைத்த உபசரிப்பு – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் எஸ்டிமேட், ரூ. 4,60,200.

ஐயா,

கடந்த செவ்வாய்க்கிழமை காலை 11.15 மணிக்கு ரெக்கவரி வண்டியின் கேபினிலிருந்து இறங்கி, தங்கள் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்த மனுதாரரைத் தங்கள் செக்யூரிட்டி மரியாதையோடு தடுத்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், கையில் கார் சாவி, இரண்டு நாள் தூங்காத முகம். "டிரைவருங்கெல்லாம் பின்னாடிங்ண்ணா" என்று பக்கவாட்டு வழியைக் காட்டினார். மனுதாரர் வாயெடுப்பதற்குள் தங்கள் சர்வீஸ் அட்வைசர் தம்பி டேப்லெட்டோடு வந்துவிட்டார். சேசிஸ் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு மனுதாரரின் தோளுக்கு மேலாக யாரையோ தேடினார்.

"ஐயா வரலீங்களா?"

எந்த ஐயா என்று கேட்டதற்குத் திரையைத் திருப்பிக் காட்டினார். 2016-ல் இந்தக் காரைப் புதிதாக வாங்கிய டெல்லிக்காரரின் பெயர் அங்கே இருந்தது. ஆர்.சி.யில் மனுதாரர் பெயர். இன்சூரன்சில் மனுதாரர் பெயர். ஆயுள்கால வரி கட்டிய ரசீதிலும் அவர் பெயர்தான். தங்கள் கணினியில் மட்டும் டெல்லி ஐயா.

இதற்காகத் தங்களைக் குறை சொல்ல மனுதாரருக்கு நா எழவில்லை. தங்கள் கணினி சொன்னதைத்தான் அந்தக் காரும் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. கதவைத் திறந்து உட்கார்ந்ததும் இருக்கை லேசாக முனகியபடி பின்னால் போய் டெல்லி ஐயாவின் அளவில் நிற்கும். ஐயா ஆறடிக்குக் குறையமாட்டார் போலும். ஐந்தடி நான்கு அங்குல மனுதாரர் பிரேக்கை எட்டக் கட்டைவிரலை நீட்ட வேண்டியிருக்கிறது. இருக்கை நினைவகத்தின் முதல் பொத்தானில் ஐயா சொந்த வீடு கட்டிக் குடியிருக்கிறார். இரண்டாவது பொத்தானில் மனுதாரர் வாடகைக்கு இருக்கிறார். வழிகாட்டித் திரையில் 'வீடு' என்பதைத் தொட்டால் ஈரோட்டிலிருந்து சுமார் 2,400 கிலோமீட்டர் வடக்கே போகச் சொல்கிறது.

கார் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெல்லி வட்டாரத்தில் பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2025 ஜூலை 1 முதல் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்கில் எரிபொருளே ஊற்ற மாட்டோம் என்று ஆரம்பித்தார்கள். சில நாளிலேயே அதை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 12-ல் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. பயத்துக்கும் நிம்மதிக்கும் இடைப்பட்ட அந்த ஆறு வாரத்தில், ஒன்பது வயதுக் காரை வைத்துக்கொண்டு பலர் கைபிசைந்து நின்ற நேரத்தில், மனுதாரர் பணப்பையோடு போய் இறங்கினார். புதிதில் ஒரு கோடிக்கு மேல் போன கார், 16 லட்சம். "இந்தக் காசுக்குப் புது இன்னோவாகூட வராதுங் மாமா" என்றார் மச்சான். இந்தக் கார் விஷயத்தில் மச்சான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

செப்டம்பர் 22-ல் வரியைக் குறைத்தார்கள். பெரிய செடான்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி., அதன் தலைமேல் 20 சதவீத செஸ் என்று 48 ஆக இருந்தது, 40 ஆனது. நாடே மகிழ்ந்தது. புதுக் காரின் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே படியிறங்கும் என்பது மனுதாரருக்குப் பிறகுதான் உறைத்தது. தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29-ம் 30-ம், தமிழ்நாட்டு எண் வாங்க 27 என்று அவர் அலைந்த கதை வேறொரு அலுவலகத்துக்கு எழுதவேண்டிய வேறொரு மனு.

தை முகூர்த்தத்துக்கு வருவோம்.

தங்கை மகளின் கல்யாணம். தாய்மாமன் காரில்தான் பெண் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று மனுதாரரே அடம்பிடித்தார். வெள்ளை உடை காருக்கு எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொன்னது அவர் மனைவி. மண்டப வாசலில் நாதஸ்வரம் வாசிக்க, ஆரத்தித் தட்டு முன்னே வர, பெண் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்க, காரின் முன்பக்கம் 'ஸ்ஸ்' என்ற பெருமூச்சோடு தரையை நோக்கி இறங்கியது. முதலில் இடது பக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு வலது பக்கம். டயர் சக்கரக் கூண்டுக்குள் புதைந்தது. வாசலில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "யானை மண்டி போட்டாப்ல போட்ருச்சு பாரு" என்றார். மஞ்சள் மண்டிக்காரரின் காரும் மண்டி போட்டது என்று பங்காளிகள் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆரத்தி எடுத்த அம்மாள் காருக்கும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

சமூகத்துக்குத் தெரியாததல்ல, இந்தக் காருக்கு இரும்புச் சுருள் கிடையாது. நான்கு ரப்பர் பைகளில் அடைத்த காற்றின்மேல்தான் இரண்டு டன் கார் உட்கார்ந்திருக்கிறது. ரப்பருக்கும் வயதாகும். மடிப்புகளில் நூல்போல வெடிப்பு விழும். ராத்திரியெல்லாம் காற்று கசியும். காலையில் கம்ப்ரஸர் அதை நிரப்ப மூச்சுத் திணறி ஓடும். ஓடி ஓடி ஒருநாள் அதுவும் கருகும். 1955-ல் வந்த பிரெஞ்சு சிட்ரோயன் டி.எஸ். காரும் இரும்புச் சுருளை நம்பாமல் வாயுவையும் எண்ணெயையும் நம்பிய கார்தான். 1962 ஆகஸ்டில் பாரிஸ் அருகே ஜெனரல் டி கோல்மீது குண்டுமழை பொழிந்தபோது, டயர்கள் போன நிலையிலும் அந்தக் கார் அவரைச் சுமந்துகொண்டு தப்பியது. மனுதாரரின் காரை யாரும் சுடவில்லை. ஆரத்திதான் காட்டினார்கள்.

தங்கள் எஸ்டிமேட்டை மனுதாரர் பூஜை அறையில் வைத்துப் படித்தார். முன்பக்கக் காற்றுத் தூண் இரண்டு, 2,96,000. கம்ப்ரஸர் 62,000. கூலி 24,000. கோளாறு கண்டறியும் கட்டணம் 6,500. 'இதர சில்லறைப் பொருட்கள்' என்று 1,500. அது துடைக்கும் துணியாக இருக்கும் என்பது அவர் யூகம். இத்தனைக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. தேய்மானம் பாலிசியில் வராது என்று இன்சூரன்ஸ்காரர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

இங்கே கணக்கு கொஞ்சம் விநோதமானது. டெல்லி ஐயாவுக்கு இந்தத் தொகை கார் விலையில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மனுதாரருக்கு அது நாலில் ஒரு பங்குக்கு மேல். ஒன்பது ஆண்டில் காரின் விலை ஆறில் ஒன்றாக இளைத்துவிட்டது. அதன் ரப்பர் பை மட்டும் இன்னும் கோடீஸ்வர வீட்டுப் பிள்ளை. மனுதாரர் கொடுத்தது 16 லட்சக் காரின் விலை. பராமரிப்பது டெல்லி ஐயாவின் ஒரு கோடிக் காரை.

அந்த 6,500 ரூபாய்தான் தொண்டையில் நிற்கிறது. ரெக்கவரி வண்டி வருவதற்கு முன்பே ஈரோட்டில் மனுதாரரின் பழைய மெக்கானிக், பக்கெட்டில் சோப்புத் தண்ணீர் கலக்கி அந்த ரப்பரின்மேல் தெளித்தார். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோலத்தான். இடது பக்க மடிப்பில் குபுகுபுவென்று நுரை. கோளாறு கண்டறியப்பட்டது, செலவு சோப்புத் துண்டு ஒன்று. ஆனால் "மாத்தறது பெரிய வேலை இல்லீங்க, மாத்துனதுக்கப்புறம் உயரத்தை கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுக்கணுமாங்க, அந்தச் சாமான் நம்மகிட்ட இல்லீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

ஏன் இல்லை? நாற்பது வருடம் வண்டி பார்த்தவரிடம் அது ஏன் இருக்கக் கூடாது? உதிரிப்பாகத்தையும் கோளாறு காணும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டவிடாமல் பூட்டி வைத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் வழக்குக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று குழு போட்டது, இணையதளம் திறந்தது. ஈரோட்டு மெக்கானிக்கின் பட்டறையில் இன்றும் பக்கெட்டும் சோப்பும்தான். காசு கொடுத்து வாங்கிய கார். அதன் வயிற்றுக்குள் என்ன வலி என்று கேட்கக்கூட உரிமையாளருக்கு வழியில்லை. பூட்டு அவர் வீட்டுக் கதவில், சாவி வேறொருவர் பையில், திறந்து பார்க்கக் கட்டணம். இதற்குப் பெயர் சேவையா?

சமூகம் மன்னிக்க வேண்டும். மனுதாரருக்கு அன்று காலை ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துவிட்டது. தங்கள் வரவேற்பறையின் பளிங்குத் தரையும் சுவரில் தொங்கும் பந்தயக் கார் படமும் கண்ணாடி வழியாகப் பார்த்தவரையில் மிக நேர்த்தி.

அப்பாவின் அம்பாசடரை இங்கே நினைப்பது பாவம்தான். அதற்கு நினைவகப் பொத்தான் கிடையாது. முன்னிருக்கையில் மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று பேருக்கும் ஒரே அளவு. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்தால் வேப்பமரத்தடியில் நிறுத்தி மாலைக்குள் மாற்றிவிடுவார்கள். 2014-ல் அந்தக் கார் உற்பத்தி நின்றபோது வருத்தப்படாதவர்களில் மனுதாரரும் ஒருவர். அன்று அவருக்கு வாய்க்கொழுப்பு.

இனி நன்றி. தங்கள் ஓட்டுநர் ஓய்வறையில் மனுதாரர் மூன்று மணி நேரம் இருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஆறு, தண்ணீர் கேன் ஒன்று, வடிவேலு ஓடும் டி.வி. ஒன்று. லவுஞ்சில் கிடைக்காத கல்வி அங்கே கிடைத்தது. இந்த வகைக் காரில் பேட்டரி மாற்றினால் புதுப் பேட்டரியை காரின் கணினிக்கு முறைப்படி அறிமுகம் செய்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய கிழத்துக்கு ஊட்டுவதுபோலவே புதியதற்கும் ஊட்டும் என்று திருப்பூர்க்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். கியர்பாக்ஸ் எண்ணெய் 'ஆயுளுக்கும் போதும்' என்று கார்க்காரர்கள் சொல்வார்கள்; ஆனால் பல சொகுசுக் கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளுக்கு என்பதைத்தான் மனுதாரர் கேட்க மறந்தார். டெல்லி ஐயாவின் ஆயுளாகத்தான் இருக்கும்.

ஸ்டெப்னி தேவைப்படாத டயரைப் பற்றியும் பேச்சு வந்தது. காற்றுப் போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் 80 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள். "நம்மூரு குழியில வுட்டா டயரு ஓடும்ணா, ரிம்மு ஓடாது" என்றார் ஒருவர்.

டீ வந்தபோது திருப்பூர்க்காரர் மனுதாரரின் எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தார். கடைசி எண்ணில் கண் நின்றது. காகிதத்தை மெதுவாக மடித்துக் கையில் கொடுத்தார்.

"உங்க ஓனர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்ண்ணா. இதைத் தள்ளிவுட்டுட்டு ஒரு இன்னோவா வாங்கச் சொல்லுங்க. பாவம், யாரோ ஏமாத்திட்டாங்க போலிருக்குது."

"சொல்றேனுங்க" என்றார் மனுதாரர்.

அதற்குப் பிறகும் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரும் அவரேதான். பையனின் பெண் பார்க்கும் படலம் மாசியில் இருக்கிறது. கார் அதற்குள் எழுந்து நின்றாக வேண்டும். கையெழுத்திடும் இடத்தில் 'வாடிக்கையாளர் / பிரதிநிதி' என்று இருந்தது. தங்கள் தம்பி 'பிரதிநிதி' என்பதில் டிக் அடித்துக் கொடுத்தார்.

ஆகவே மனுதாரர் பணிந்து கேட்பது தள்ளுபடியல்ல. அந்தத் திரையில் உள்ள பெயரை மாற்றிக் கொடுங்கள். அதற்கும் ஒரு கட்டணம் இருக்குமானால் பில்லில் சேர்த்துவிடலாம். 'இதர சில்லறைப் பொருட்கள்' பகுதியில் இடம் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
டெல்லி ஐயாவின் டிரைவர்.

பின்குறிப்பு: இந்த மனுவை உறையில் போடும்போது டெல்லியிலிருந்து ஒரு அழைப்பு. கார் தயார் என்ற தங்கள் குறுஞ்செய்தி வழக்கம்போல அங்கே போயிருக்கிறது. ஐயா நல்ல ஆங்கிலத்திலும் மனுதாரர் நொறுங்கிய இந்தியிலும் பேசிக்கொண்டார்கள். "முன்பக்கம் இடதுதானே?" என்று ஐயா கேட்டார். எப்படித் தெரியும் என்றதற்கு, போன மே மாதம் அவருக்கும் இதே எஸ்டிமேட் கொடுத்தார்களாம்; அதைப் பார்த்த பிறகுதான் விற்கும் யோசனையே வந்ததாம். நெடுநேரம் சிரித்தார். சேவை திருப்தியாக இருந்ததா என்று தங்கள் மையம் கேட்டதற்கும் அவரே பதில் அனுப்பிவிட்டார். 10-க்கு 10.